இழுத்த மூச்சு

மேட்ரன் இவாஞ்சலின் அக்கா சும்மா நிற்கும்போதும் அவருடைய இரண்டு பாதங்களும் மாறி மாறித் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். வலது, இடது, வலது, இடது. போர்டிங்கில் இருந்த நாங்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தையல் மெஷின். அது அவர் காதுக்கும் போயிருந்தது. கண்டுகொள்ள மாட்டார்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் மிஷன் பள்ளிக்கூடம். அதை ஒட்டிப் பெண்பிள்ளைகள் தங்கும் போர்டிங். அறுபது பேர் இருந்தோம். பாதிப்பேர் வேதக்காரப் பிள்ளைகள், கிறிஸ்தவ வீடுகளிலிருந்து வந்தவர்கள். மீதி என்னைப்போல, பக்கத்து ஊர்களில் ஹைஸ்கூல் இல்லாததால் வந்து சேர்ந்த, விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். என் பெயர் சந்தனம்மாள். நரிக்குடிப் பக்கம். 1984-ல் ஆறாம் வகுப்பில் என்னைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இவாஞ்சலின் அக்கா அருப்புக்கோட்டைக்காரர். அப்பா ஜெபதுரை அங்கே ஒரு சின்னக் கோயிலில் உபதேசியார். பாஸ்டர் வராத வாரங்களில் ஆராதனை நடத்துகிறவர். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதெல்லாம் நடந்த வருஷம் முப்பத்திரண்டு வயது. எங்களுக்குச் சோறு போடுவதையும், பேன் பார்த்துத் தலைக்கு மருந்து தேய்ப்பதையும், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று தினமும் எட்டிப்பார்த்துக் கணக்காக ஊற்றுவதையும் தவிர அவருக்கு இன்னொரு வேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கால் ஆர்மோனியம் வாசிப்பார். பீரோ மாதிரி உயரமான மரப்பெட்டி. கீழே இரண்டு மிதிகட்டைகள். மிதிக்க மிதிக்க உள்ளே துருத்தி ஊதும், மேலே கட்டையை அழுத்தினால் சத்தம் வரும். துருத்தித் தோல் பழசாகிப்போனதால், பாட்டு இல்லாத நேரத்தில் அது தானாகப் பெருமூச்சு விடும். சின்னப்பிள்ளைகள் அதன் கிட்டேயே போகமாட்டார்கள்.

1987-ம் வருஷம் ஆகஸ்டு மாதம். அதற்கு முந்தின வருஷமும் மழை இல்லை, அந்த வருஷமும் இல்லை. கண்மாய் காய்ந்து, கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை, உச்சிப்பொழுது. ஹாலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒன்பதாம் வகுப்பு, சுவர் ஓரமாக இருந்தோம். காற்று அசையவில்லை. வெளியே வேப்பமரத்தில் இருக்கிற காக்காகூடக் கத்தவில்லை.

தங்கலட்சுமி எழுந்து நின்றாள். பத்தாம் வகுப்பில் அவள்தான் முதல் மார்க். அதிகம் பேசாதவள். தலையை லேசாக இடது பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரோ மூச்ச இழுக்குறாக," என்றாள்.

சிலபேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கை விரல்கள் கோழிக்கால் போல உள்ளே மடங்கின. உதடு வெளுத்தது. அப்படியே முழங்கால் மடங்கிச் சரிந்தாள்.

திங்கட்கிழமை இன்னும் இரண்டு பேர். அந்த வாரம் முடிவதற்குள் பதினோரு பேர். நான் ஏழாவது.

எனக்கு வந்தது தட்டுக் கழுவும் இடத்தில். மத்தியானச் சாப்பாடு முடிந்து, எல்லாரும் போன பிறகு நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். இடது காதுக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், ஒரு ஆள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். வேகமாக இல்லை, நிதானமாக, நீளமாக. திரும்பிப் பார்த்தேன். வெயில்தான் இருந்தது. பயம் அப்போது வரவில்லை. அதற்கு அப்புறம் வந்தது. இழுத்தவர் மூச்சை விடவில்லை. விடுவார், விடுவார் என்று காத்துக்கொண்டே நிற்கிறேன். காத்திருக்கும்போது என் மூச்சையும் நான் விட மறந்துவிட்டேன் என்பது தெரியவில்லை. கை மரத்தது, வாயைச் சுற்றி எறும்பு ஊறியது, நெஞ்சு கட்டியது. விழுந்துவிட்டேன்.

பிறகு மற்ற பத்துப் பேரிடமும் கேட்டேன். எல்லாருக்கும் அதே மாதிரி. இழுக்கிற சத்தம் மட்டும்தான்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினார். பரீட்சைப் பயம், உடம்பில் ரத்தம் குறைவு என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார். பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். ஜெபத்தின் முடிவில், "ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதியா இருங்கம்மா," என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் நான்கு பேர் விழுந்தார்கள். அமைதிதான் எங்களுக்கு ஆகாமல் போயிருந்தது. அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

தகவல் தெரிந்து தங்கலட்சுமியின் அப்பா மாரிச்சாமி வந்தார். கூடவே சோணைமுத்து என்ற பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டி வந்திருந்தார். மிஷன் காம்பவுண்டுக்குள் உடுக்கை அடிக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் தடுத்தார்.

"எம்பிள்ள செத்துப்போனா நீங்க வந்து சொமப்பீகளா?" என்று மாரிச்சாமி கேட்டார். அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை.

ஹாலின் நடுவில் எங்கள் பதினோரு பேரையும் உட்காரவைத்து, சோணைமுத்து உடுக்கையை எடுத்தார். முதலில் மெதுவாகத்தான் அடித்தார். சத்தம் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அடி வேகமானது. எங்கள் மூச்சும் வேகமானது. பதினோரு பேரும் ஒன்றுபோல, ஒரே அளவில், நாய் இரைப்பதுபோல இரைத்தோம். அடி இன்னும் வேகமானது. ஒருத்தி விழுந்தாள், இன்னொருத்தி விழுந்தாள். சோணைமுத்து முகத்தைப் பார்த்தேன். அவர் கண் பிதுங்கியிருந்தது. உடுக்கையைக் கையிலிருந்து உதறி எறிந்தார். அது உருண்டு சுவரில் போய் முட்டி நின்றது.

"நா நிறுத்தணும்னு நெனச்சு ரொம்ப நேரமாச்சு," என்றார், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு. "கை நிக்கல மாரிச்சாமி. யாரோ என் கைய ஓட்டுனாப்புல இருந்துச்சு. இது எனக்கு அடங்காது. பிள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

இவாஞ்சலின் அக்கா இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பாதங்கள் அசையாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். மாரிச்சாமி மகளை எழுப்பப் போனபோது அக்கா குறுக்கே வந்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு நாள் பொறுங்க. நாளைக்குச் சரியாகலைன்னா நானே கொண்டாந்து விடுறேன்."

"நீங்க என்னம்மா செய்யப் போறீக?"

"தெரியல. ஆனா இது எனக்குத் தெரிஞ்சதுதான்."

பிறகு தங்கலட்சுமியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, எங்களுக்கும் கேட்கும்படி கேட்டார்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"எடது பக்கம், மேட்ரனக்கா."

"காதுக்குப் பின்னாடியா? ஒரு சாண் தள்ளியா?"

தங்கலட்சுமி தலையாட்டினாள். நாங்களும் ஆட்டினோம்.

"இழுக்குறது கேக்கும். விடுறது கேக்காது."

"ஆமாக்கா."

அக்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "எனக்கு வந்தப்ப எனக்கும் பதினஞ்சு வயசு. அருப்புக்கோட்டையில, எங்க வீட்டுக் கொல்லையில. இதே உச்சிவெயில். இதே மாதிரி எடது பக்கம். இத நா இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒங்களுக்கு எப்பிடி வந்துச்சு?"

அவர் கேட்டது எங்களைத்தான். எங்களுக்கு எப்படித் தெரியும்?

அக்காவின் கதையை அன்று கொஞ்சம், பிறகு பல வருஷம் கழித்து மீதி என்று தெரிந்துகொண்டேன். அவருக்கு வந்தது 1970-ல். உபதேசியார் மகளுக்குப் பேய் என்று ஊர் பேசியது. ஜெபதுரை ஐயா மூன்று இடங்களுக்குக் கூட்டிப்போனார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், மத்தியான நேரத்தில் மகளை வீட்டில் தனியாக விட முடியாமல், கோயிலுக்குக் கூட்டி வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அங்கே கால் ஆர்மோனியம் இருந்தது. கட்டையைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்ததால், அக்கா மிதிகட்டையை மட்டும் மிதித்தார். உள்ளே துருத்தி இழுத்து இழுத்து விட்டது. அந்த விடுகிற காற்றுக்காகத்தான் தினமும் போனேன் என்றார். பிறகு வாசிக்கக் கற்றுக்கொண்டார். மூன்று வருஷத்தில் அந்தச் சத்தம் நின்றது. ஆனால் இருபத்து நான்கு வயதில் நிச்சயமாகியிருந்த கல்யாணம், யாரோ பழைய கதையைச் சொல்லி நின்றுபோனது. அதற்கு அப்புறம் வேறு எந்த வீட்டாரும் வரவில்லை. அவர் மேட்ரன் வேலைக்கு வந்தார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் பெரிய பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து ஆர்மோனியத்தைக் கோயிலிலிருந்து ஹாலுக்குத் தூக்கி வந்தார்கள். உச்சிவெயில் ஏறிய நேரம். ஜன்னல்களைத் திறந்து வைத்தார் அக்கா. கதவை மட்டும் சாத்தச் சொன்னார். உள்ளே நாங்கள் பதினோரு பேர், அவர் ஒருவர். வெளியே வேப்பமரத்தடியில் வாட்ச்மேன் சங்கரலிங்கம் தாத்தா உட்கார்ந்திருந்தார்.

"பாட வேணாம்," என்றார் அக்கா. "வாய மூடிக்கிட்டு 'ம்'முன்னு முனங்குங்க. நா கட்டைய அமுக்குற வரைக்கும் முனங்கணும். கைய எடுத்ததும் நிறுத்திக்கிரலாம். மூச்ச இழுக்குறதப் பத்திக் கவலப்படாதீக. அது தானா வரும். விடுறதுதான் நம்ம வேல."

இடது ஓரத்துக் கட்டையை அழுத்தினார். தாழ்ந்த, தடித்த ஒரு சத்தம். தரை வழியாக வந்து தொடையில் அதிர்ந்தது. நாங்கள் முனங்கினோம். முதலில் ஒருவருக்கும் சேரவில்லை. சிலபேர் அழுதார்கள். அக்கா கையை எடுத்தார், மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். என் நெற்றி எலும்பு அதிர்வது எனக்கே தெரிந்தது. பத்துப் பதினைந்து தடவை ஆகியிருக்கும். பதினோரு குரலும் ஆர்மோனியமும் ஒன்றாகி, எது யாருடையது என்று தெரியாமல் போனது.

அப்போதுதான் கேட்டது.

எங்கள் முனகலுக்கு அடியில் இன்னொரு முனகல். ஆர்மோனியத்தின் கடைசிக் கட்டையைவிடத் தாழ்வாக. ஒரு வயதான ஆணின் நெஞ்சிலிருந்து வருவதுபோல. அக்கா கையை எடுத்தார். நாங்கள் நிறுத்தினோம். அது நிற்கவில்லை. தனியாக, நடுங்கிக்கொண்டே, வெகுநேரமாக அடக்கிவைத்திருந்த ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைப்பதுபோல நீண்டுகொண்டே போனது. நான் தங்கலட்சுமி கையைப் பிடித்திருந்தேன். அவள் கை சூடாக இருந்தது. அந்தச் சத்தம் மெலிந்து, மெலிந்து, வெறும் காற்றாகி, நின்றது.

"விட்டுட்டாக," என்றாள் தங்கலட்சுமி.

யாரும் விழவில்லை. யாரும் அழவில்லை. வெளியே காக்கா கத்தியது. எனக்குப் பசித்தது.

கதவைத் திறந்தபோது சங்கரலிங்கம் தாத்தா எழுந்து நின்றுகொண்டிருந்தார். "ஏத்தா, உள்ள யாரு ஆம்பள பாடுனது?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான் அக்காவின் வேலைக்கு உலை வைத்தது.

தாத்தா கெட்டவர் இல்லை. கேட்டதைச் சொன்னார், பார்த்ததைச் சொன்னார். ஆனால் டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு வேறு உருவம் எடுத்துவிட்டது. பெண்பிள்ளைகள் போர்டிங் ஹாலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆம்பளையை வைத்துப் பாடவைத்தாராம் மேட்ரன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கோயில் ஆர்மோனியத்தால் ஆவியை வரவழைத்தார் என்று. அன்று தொடங்கித் தினமும் மத்தியானம் அரைமணி நேரம் நாங்கள் முனங்குவது மட்டும் நிற்கவில்லை. மூச்சை இழுக்கிற அந்தச் சத்தம் பிறகு வரவேயில்லை. ஆனாலும் பயம் அப்பப்போ எட்டிப் பார்க்கும். பரீட்சை நெருங்க நெருங்க, பதினோரு பேரில் இல்லாத பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பிப்ரவரியில் தாளாளர் வந்து விசாரணை வைத்தார். எங்களில் மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். தங்கலட்சுமி உள்ளதை உள்ளபடி சொன்னாள். நானும் சொன்னேன். பிறகு தாளாளர் அக்காவைப் பார்த்தார்.

"யாரும்மா அந்த ஆம்பளை?"

"தெரியலைங்கய்யா."

"அப்படி ஒரு சத்தமே கேக்கலைன்னு எழுதிக் கொடுத்துருங்க. பிள்ளைங்க பயத்துல ஒளறுதுகன்னு நாங்க முடிச்சுக்கிறோம். உங்க வேலைக்கும் ஒண்ணும் வராது."

அவர் உதவி செய்யத்தான் நினைத்தார். எனக்கு அது அப்போதே புரிந்தது. அக்காவின் பாதங்கள் மேசைக்கு அடியில் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தன.

"கேட்டுச்சுங்கய்யா," என்றார் அக்கா. "எனக்கும் கேட்டுச்சு. இல்லைன்னு எழுதுனா இந்தப் பிள்ளைக பொய் சொன்னதா ஆயிரும். நாளைக்கு இதுக ஒண்ணச் சொன்னா யாரும் நம்ப மாட்டாக. இதுகளே இதுகள நம்பாது."

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை மட்டும் அக்காவை இருக்கச் சொன்னார்கள். ஏப்ரலில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அருப்புக்கோட்டை பஸ் ஏறினார். தங்கலட்சுமி நானூற்றுச் சொச்சம் மார்க் வாங்கினாள்.

மறுபடி நான் அக்காவைப் பார்த்தது 1991-ல். நான் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். அக்கா விசைத்தறிக்கூடத்துக்கு நூல் சுற்றும் வேலை செய்துகொண்டு, அப்பா இறந்துபோன வீட்டில் தனியாக இருந்தார். முன்னறையில் அந்தக் கால் ஆர்மோனியம் நின்றது. எங்கள் கோயிலுக்குப் புதுசு வாங்கியபோது எலி கடித்த பழசைத் தூக்கிப்போடப் பார்த்திருக்கிறார்கள். சங்கரலிங்கம் தாத்தாதான் யாரிடமோ கேட்டு, பருத்தி லோடு வந்த லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தாராம். தான் கேட்ட ஒரு கேள்வியால் வந்த வினை என்று அந்த மனிதருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

எனக்கு நான்கு வருஷமாகக் கேட்க வேண்டியிருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, அது யாரா இருக்கும்?"

"தெரியாது சந்தனம்."

"அதுக்கப்புறம் ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

நூல் சுற்றுவதை நிறுத்தாமல் சொன்னார். "தெனம் கேக்கும். உச்சிப்பொழுதுல, ஒரே ஒருக்கா. இழுக்குறது இல்ல. விடுறது மட்டும். எடது பக்கந்தான்."

எனக்கு அந்த அறையில் உட்காரப் பிடிக்கவில்லை. மணி பதினொன்றரை ஆகியிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாத. நானும் ரொம்ப நாளு அவுக நம்மளப் பயமுறுத்த வாராகன்னுதான் நெனச்சேன். அன்னைக்கு அந்த முனகலக் கேட்டியே, அது மெரட்டுற குரலா? நடுங்குச்சுல்ல? பயந்தவுகதான் மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக. அவுகளுக்கும் பயமா இருந்திருக்கும். என்னத்துக்கோ. யாரு பக்கத்துல போயி நிக்கிறதுன்னு தெரியாம நம்ம பக்கத்துல வந்து நின்னுருக்காக."

நான் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். அதை அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

படிப்பு முடிந்து, திருச்சுழிப் பக்கம் கிராம நர்ஸாக வேலை கிடைத்தது. குழந்தைகளுக்குச் சளி என்றால் சட்டையைத் தூக்கிப்பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். அதுபோன்ற வேலையில், பெரிய பிள்ளைகளின் மூச்சும் கண்ணில் படும். பரீட்சை நேரத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். எல்லாரையும் பேய் என்றுதான் கூட்டி வருவார்கள். 1994-ல் மனநல டாக்டர் சங்கரபாண்டியன் அருப்புக்கோட்டையில் கிளினிக் வைத்தார். அவரிடம் சிலரை அனுப்பினேன். ஒருநாள் அவரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பதினோரு பேருக்கு அடியில் கேட்ட பன்னிரண்டாவது குரலை விட்டுவிட்டு, மற்றதை மட்டும்.

அவர் அக்கா வீட்டுக்கே போய், அக்கா ஆர்மோனியம் வாசித்து முனங்குவதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். "மூச்சை விடுறத நீட்டுனா படபடப்பு இறங்கும். இதுக்கு உலகத்துல பேரே இருக்கும்மா, மியூசிக் தெரபின்னு," என்றார். "மருந்து நான் பாத்துக்கிறேன். புதன்கிழமைதோறும் என்கிட்ட வர்ற பிள்ளைங்களோட நீங்க உக்காருங்க." ஆர்மோனியத்தைக் கிளினிக்குக்குத் தூக்கி வரச்செய்து, வாசலில் 'இசைச் சிகிச்சை' என்று ஒரு சின்னப் பலகையும் வைத்தார். அக்கா அதைப் பார்த்து வெட்கப்பட்டார்.

அங்கே வந்தவர்களில் காளிராஜை மறக்க முடியாது. 1996. பதினாறு வயது. அவனுடைய வீட்டில் ஆறு விசைத்தறி. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு முழு நேரமும் தறிக்கூடத்திலேயே கிடந்தான். படிப்பு ஏறவில்லை என்று அப்பா நினைத்தார். விஷயம் வேறு. தறி ஓடும்போது அவனுக்கு ஒன்றும் இல்லை. கரண்ட் போய், ஆறு தறியும் ஒரே நேரத்தில் நின்றால், அந்த நிமிஷமே விழுந்துவிடுவான். சாகப்போகிறேன் என்று கத்துவான்.

முதல் புதன்கிழமை நானும் அங்கே இருந்தேன். டாக்டர் கேட்டதற்கு அவன் வாய் திறக்கவில்லை. அக்கா கேட்டார்.

"தறி நின்னதும் என்ன தம்பி கேக்குது?"

அவன் தரையைப் பார்த்தான். "மூச்ச இழுக்குறாக," என்றான்.

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பையனுக்கு எங்கள் போர்டிங் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எங்களுக்கு அது நடந்தபோது அவனுக்கு ஏழு வயது.

அவனுக்கு அக்கா செய்தது வேறு மாதிரி. முதல் வாரம் இரண்டு கையாலும் கட்டைகளை அமுக்கி, தறிக்கூடம் மாதிரி சத்தத்தை எழுப்பி, அவனை நடுவில் உட்காரவைத்தார். அடுத்த வாரம் ஒரு கட்டை குறைத்தார். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. ஒரு கட்டை குறைகிற அன்றெல்லாம் அவன் உடம்பு வேர்த்துச் சட்டை ஒட்டிக்கொள்ளும். எழுந்து ஓடப் பார்ப்பான். "ஓடுறதுன்னா ஓடு. கதவு தொறந்துதான் கெடக்கு," என்பார் அக்கா. இரண்டு தடவை ஓடினான், இரண்டு தடவையும் தானாகத் திரும்பி வந்தான். மூன்றாவது மாதம் ஒரே ஒரு கட்டை. பிறகு அதையும் விட்டுவிட்டு மிதிகட்டையை மட்டும் மிதித்தார். துருத்தியின் காற்று மட்டும், வந்து, போய். அதைக் கேட்டுக்கொண்டு அவன் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தான். கடைசியில் அக்கா காலையும் நிறுத்தினார்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. தெருவில் எங்கோ தறி ஓடியது, அவ்வளவுதான். காளிராஜ் இடது பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டான். நானும் என்னையறியாமல் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகம் மட்டும் மெதுவாக இளகியது.

"போறாக," என்றான்.

மறுவருஷம் அவன் டியூட்டோரியலில் சேர்ந்து பத்தாவது எழுதினான். இப்போது தறி அவன் பொறுப்பில்தான்.

தங்கலட்சுமியையும் சொல்ல வேண்டும். நரிக்குடிக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகள், நாற்பது ஆடு. தடுப்பூசி போடப் போனபோது அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மேட்ரனக்கா உன்னை விசாரித்தார் என்றேன். "எனக்கு அந்தக் காலத்துது எதுவும் ஞாபகமில்ல," என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டாள். நான் போகும்வரை திரும்பி வரவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அது அவளுடைய பாடு.

1998-ல் மதுரையில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. சங்கரபாண்டியன் டாக்டர் தன்னிடம் வரும் பிள்ளைகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். அக்கா அன்றைக்கு இளநீலச் சேலை கட்டியிருந்தார். மைக்கைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கை விரல்கள் உள்ளே மடங்குவதை நான் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன். நாற்பத்து மூன்று வயதில், அத்தனை பேர் முன்னால், அவருக்கு அது வந்துகொண்டிருந்தது. டாக்டர் எழுந்திருக்கப் போனார். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மைக்குக்கு முன்னாலேயே வாயை மூடி முனங்கினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. முன்வரிசையில் ஒரு பெரியவர் தானும் லேசாக முனங்கியதைக் கேட்டேன்.

"பிள்ளைக பயந்தா நா பக்கத்துல உக்காருவேன்," என்றார் அக்கா, குரல் வந்ததும். "எனக்கும் பயம் உண்டுன்னு அதுகளுக்குத் தெரியும். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல." இறங்கி வந்துவிட்டார்.

திரும்பும்போது அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மதுரையில் வாங்கிய கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே, மைக் வாயருகே இருந்ததால் தன் குரல் தனக்கே ஆம்பளைக் குரல் மாதிரி கேட்டது என்று சொல்லிச் சிரித்தார். காரியாபட்டி தாண்டியதும் தூங்கிப்போனார். தினமும் அது அவருக்குக் கேட்கிற உச்சிவெயில் நேரம், ரோட்டில் கானல் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் மிச்சச் சில்லறை கொடுக்க வந்தபோது நான் எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டி, அதை அவருடைய கைப்பையில் போட்டு வைத்தேன்.